எழுபது சென்டிமீட்டர்

பீல் நகரம், ஞாயிறு, மூன்றாம் பிரிவு ஆட்டம்.
மழை நின்றும் நிற்காத மாதிரி.
எழுபத்தெட்டாவது நிமிடம் நான் கொடியைத் தூக்கினேன்.
எர்மால் பந்தை வலைக்குள் போட்டுவிட்டு
இரு கையும் விரித்தபடி ஓடிப்போய்
மூலைக் கம்பத்தருகேதான் திரும்பிப் பார்த்தான்.

ஓஃப்சைட்.
ஜெர்மனில் திட்டினார்கள். பிரெஞ்சில் திட்டினார்கள்.
இருமொழி ஊர், எதையும் இரண்டு தடவை கேட்கவேண்டும்.
மூன்றாவது மொழியில், வாய்க்குள்,
நான் கண்டேன், கண்டேன் என்றேன்.

இரவு யாரோ ஃபோனில் எடுத்த வீடியோ வந்தது.
நிறுத்தி, நகர்த்தி, நிறுத்திப் பார்த்தேன்.
பந்து சப்பாத்தைவிட்டுப் பிரிகிற கணத்தில்
கடைசித் தடுப்பாளனின் தோளுக்கு
இந்தப் பக்கம் நிற்கிறான் எர்மால்,
ஒரு முழம் இந்தப் பக்கம்.

நடுவர் வகுப்பில் சொல்லித்தான் இருந்தார்கள்.
அன்று நான் சாண்ட்விச்சை நினைத்துக்கொண்டிருந்தேன்.
கண் விழுங்கிய வெளிச்சம்
தலையின் பின்கட்டுக்குப் போய்ச் சேர
பத்தில் ஒரு நொடி பிடிக்குமாம்.
அதற்குள் ஓடுகிறவன் ஓடிவிடுகிறான்.
வந்த செய்தி பழையது என்று மூளைக்குத் தெரியும்.
வேகத்தைக் கூட்டி, திசையைக் கூட்டி,
இந்நேரம் இங்கே இருப்பான் என்று
ஆளைத் தூக்கி முன்னால் வைக்கிறது.
நான் பார்ப்பது அந்த வைப்பை.

ஆனால் உதை?
உதை சொல்லாமல் வருவது.
அதைத் தூக்கி வைக்க முன்னால் இடமில்லை.
பிந்தி வந்த உதையும் முந்தி வைத்த ஆளும்
என் தலைக்குள் ஒன்றாக நின்றபோது
எழுபது சென்டிமீட்டர் புல்தரை
எங்கிருந்தோ முளைத்துவிட்டது.

வெறுஞ்சுவரில் பார்வையை வழுக்கிப் பாருங்கள்.
முடியாது. தத்தித் தத்தித்தான் போகும்.
ஓர் எறும்பு வரட்டும்,
கண் எண்ணெய் போட்டதுபோல் ஓடும்.
மக்லிங்கன் மலைக்குக் கயிற்றில் ஏறும் பெட்டி
மரங்களுக்குள் மறைகையில்
என் கண் முன்பே போய் மறுபக்கம் காத்துநிற்கும்.
ஒருநாள் பெட்டி வரவில்லை, பழுது.
இல்லாத பெட்டியை
கொஞ்சத் தூரம் கண்ணால் இழுத்துப்போனேன்.

வார நாளில் எனக்குக் கடிகாரத் தொழிற்சாலை.
நொடிமுள் பொருத்துகிறேன்.
நிமிர்ந்து சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தால்
முதல் நொடி மட்டும் நீளமாயிருக்கும்.
பார்வை தாவிய இருட்டை
அந்த நொடியைக் கிழித்து ஒட்டுப்போடுகிறது மூளை.
இதை மேற்பார்வையாளரிடம் சொல்லமுடியாது.

எர்மாலின் மேசை எனக்கு அடுத்தது.

“வீடியோ பார்த்தாயா?”
“பார்த்தேன்.”
“எங்கே நின்றேன்?”
“இந்தப் பக்கம்.”
“எங்கே கண்டாய்?”
“நீ இன்னும் போய்ச்சேராத இடத்தில்.”

சிரிக்கவில்லை. லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டான்.

பத்து மணி இருக்கும்.
அவன் முழங்கை பட்டு ஒரு திருகாணி உருண்டது,
எள்ளைவிடச் சின்னது.
அது விளிம்பைத் தாண்டுமுன்
என் கை கீழே இருந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி.
நான் அனுப்பவில்லை.
விழுந்ததா என்றே தெரியவில்லை, எடை இல்லை.
விரித்துப் பார்த்தால் ஆயுள் ரேகைமேல் கிடக்கிறது,
நேற்றுக் கொடி தூக்கிய அதே கையில்.

கிடுக்கியால் எடுத்துக்கொண்டான்.
“இது மட்டும் சரியாகத் தெரிகிறது”
என்றான் பிரெஞ்சில்.
பிறகு அதையே ஜெர்மனில்.